ஓரங்கட்டப்பட்ட ஓரம்

அமெரிக்காவின் ஊசிவேலைக் கடைகளுக்குக் கிறிஸ்துமஸ் கோடைக்காலத்திலேயே வந்துவிடுகிறது. மரத்தில் தொங்கவிடும் அலங்காரங்களைத் தைத்து முடித்தவர்கள் கோடை முடிவதற்குள் கொண்டுவந்து கொடுத்தால்தான் டிசம்பரில் திரும்பக் கிடைக்கும் என்று பல கடைகள் கெடு வைக்கின்றன. கொண்டுவருகிறவர்கள் ஒன்றும் தையல் தெரியாதவர்கள் அல்ல. ஆயிரக்கணக்கான கிராஸ் ஸ்டிட்ச்களைக் கட்டம் கட்டமாக எண்ணித் தாங்களே போட்டவர்கள். மிச்சமிருப்பது பின்பக்கத்துக்கு ஒரு துணி, உள்ளே கொஞ்சம் பஞ்சு, சுற்றிலும் ஒரு முறுக்குக் கயிறு, மேலே மாட்ட ஒரு வளையம். அவ்வளவுதான். அந்த மிச்சத்தைச் செய்துதர என்றே தனித் தொழில் இருக்கிறது. அதற்குக் கூலி உண்டு, மாதக்கணக்கில் வரிசையும் உண்டு.

காரணம் புரியாததல்ல. தையலுக்குக் கட்டம் போட்ட படம் இருக்கிறது. எந்தக் கட்டத்துக்கு எந்த எண் நூல் என்ற பட்டியல் இருக்கிறது. ஓரத்துக்கு எதுவும் இல்லை. வடிவத்தாள்களில் பெரும்பாலானவை ‘விருப்பம்போல் முடித்துக்கொள்ளவும்’ என்ற கடைசி வரியோடு கையை உதறிவிடுகின்றன. மூன்று மாதம் பார்த்துப் பார்த்துத் தைத்த துண்டு கடைசி ஒரு மணி நேரத்தில் கோணிக்கொண்டு போவதும், அந்தப் பயத்திலேயே பல துண்டுகள் அலமாரியில் மடித்தபடி கிடப்பதும் இதனால்தான்.

ஓரத்தில் வைக்கும் கயிறு, லேஸ், குஞ்சம், பைப்பிங் எல்லாம் அழகுக்கு என்றுதான் பொதுவான எண்ணம். தொழில் தெரிந்தவர்கள் அப்படிப் பார்ப்பதில்லை. முன் துணியும் பின் துணியும் சேரும் கோடு எத்தனை கவனமாகத் தைத்தாலும் எங்காவது நெளியும். பஞ்சு உள்ளே போனதும் அந்தக் கோடு இழுபட்டு, தையல் நூல் பல்லைக் காட்டும். கைகள் பிடிப்பதும் சோபாவில் உரசுவதும் அந்த விளிம்பைத்தான். எனவே ஓரக் கயிற்றின் முதல் வேலை இணைப்பை மறைப்பது. இரண்டாவது வேலை தேய்மானத்தைத் தான் வாங்கிக்கொள்வது. அழகு அதற்குப் பிறகு வருகிறது. இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டால் எந்த ஓரம், எப்போது, எப்படி என்ற கேள்விகளில் பாதி தானாகத் தீர்ந்துவிடும்.

இந்தத் தலைவலியை வாங்கிவருவது கிராஸ் ஸ்டிட்ச் துணியின் நெசவுதான். நம் ஊர்க் கடைகளில் மேட்டி துணி என்று கேட்டு வாங்குவதும் வெளிநாட்டில் ஐடா என்று விற்பதும் இழைகளைக் கொத்துக் கொத்தாகச் சேர்த்து, கட்டமும் துளையும் தெரியும்படி நெய்த பருத்தித் துணிகள். அதிகம் புழங்கும் ஐடாவில் ஓர் அங்குலத்துக்கு 14 கட்டங்கள்; 84 தையல் அகலமுள்ள படம் சரியாக 6 அங்குலம் வரும். எண்ணுவதற்கு வசதியான இந்தத் தளர்ந்த நெசவு வெட்டுவதற்கு எதிரி. கத்தரி பட்ட இடத்தில் பிசிறு பிசிறாக நூல் கழன்று வரும். வெட்டிய ஓரத்துக்கு மிக அருகே தைத்தால் பஞ்சு அடைக்கும்போது தையலோடு சேர்ந்து இழைகளும் உருவிக்கொண்டு வந்துவிடும். பின்பக்கம் மெல்லிய ஃபியூசிங் துணியை வைத்து இஸ்திரி போட்டு ஒட்டிவிடுவது, அரை அங்குலத்துக்குக் குறையாமல் உள்துணி விடுவது, வெட்டிய விளிம்பை ஜிக்ஜாக் அடிப்பது ஆகிய மூன்றும் இங்கே ஆடம்பரமல்ல.

அதே கட்டங்கள் வேறொரு வகையில் கைகொடுக்கவும் செய்கின்றன. சாதாரணத் துணியில் தையல் கோட்டைச் சாக்குக்கட்டியால் வரைய வேண்டும். இங்கே படத்தின் கடைசித் தையலிலிருந்து இத்தனை கட்டம் என்று எண்ணி, வேறு நிற நூலில் ஓட்டுத்தையல் போட்டுவிட்டால் கோடு இம்மி பிசகாது. 14 கட்டத் துணியில் 7 கட்டம் என்பது அரை அங்குலம். ஒரு கட்டம் ஏறக்குறைய 1.8 மில்லிமீட்டர். 4 மில்லிமீட்டர் தடிப்புள்ள கயிற்றை ஓரத்தில் வைத்தால் அதன் பாதி படத்தின் பக்கம் சாய்ந்து, ஒரு கட்டத்தை விழுங்கிவிடும். படத்துக்கும் தையல் கோட்டுக்கும் நடுவே ஒரு கட்டம்கூட விடாதவருக்கு எல்லைக்கோட்டுப் பூக்கள் கயிற்றுக்கடியில் பாதி புதைந்து போவது இப்படித்தான். ஆகவே ஓரத்துக்கு என்ன வைக்கப் போகிறோம் என்பது துணியை வெட்டுவதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். முடிந்தால் முதல் தையல் போடுவதற்கு முன்பே. தைத்து முடித்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு லேஸ் கடைக்குப் போகிறவர் பாதி முடிவுகளைத் தெரியாமலே எடுத்துவிட்டுப் போகிறார்.

முடிவெடுக்க வேண்டியது அடிப்படையில் ஒன்றுதான். ஓரம் இணைப்புத் தையலுக்கு உள்ளே மாட்டப்படுகிறதா, இணைப்பு முடிந்த பிறகு மேலே வைத்துக் கட்டப்படுகிறதா?

தலையணைக்கும் குஷனுக்கும் உள்ளே மாட்டுவதே உத்தமம். தினமும் கசங்குகிற, துவைக்கப்படுகிற பொருள் அது. பைப்பிங் இதில் மூத்தது. துணியை நேராக வெட்டாமல் 45 பாகையில் குறுக்காக வெட்டி எடுத்த பட்டிதான் வளைவுகளில் இழுத்துக்கொடுத்து ஒத்துழைக்கும். அதை நம் தையல்காரர்கள் கிராஸ் பீஸ் என்பார்கள். அதன் அகலத்துக்கு எளிய கணக்கு உண்டு. 4 மில்லிமீட்டர் கயிற்றின் சுற்றளவு ஏறத்தாழ 12.5, இரண்டு பக்க உள்துணிக்கு 12.5 வீதம் 25, மொத்தம் 37.5 மில்லிமீட்டர், அதாவது ஒன்றரை அங்குலப் பட்டி. பட்டிக்குள் கயிற்றை வைத்து மடித்து, ஜிப்பர் ஃபுட் மாட்டி, கயிற்றை ஒட்டினாற்போல் ஒரு தையல். பிறகு படத் துணியின் விளிம்போடு பட்டியின் விளிம்பைச் சேர்த்து இன்னொரு தையல். கடைசியில் பின் துணியை மேலே கவிழ்த்து மூன்றாவது தையல். ஒவ்வொரு தையலும் முந்தையதைவிட ஒரு நூல் அளவு கயிற்றை நெருங்கிப் போனால் முந்தையவை வெளியே தலைகாட்டாது. மூன்றையும் ஒரே முறையில் முடித்துவிடலாம் என்று நினைப்பதுதான் பைப்பிங் கோணுவதற்கு முதல் காரணம்.

ரிக்ராக் என்கிற வளைவு லேஸ் பைப்பிங்கைவிடச் சுலபமானது, அது தரும் பலனும் வேடிக்கையானது. பாம்புபோல் நெளியும் அந்த நாடாவைத் துணியின் மேலே வைத்துத் தைத்தால் நாடா முழுக்கத் தெரியும். பள்ளிச் சிறுமியின் பாவாடை நினைவுக்கு வரும். அதன் நட்டநடுவே தையல் ஓடும்படி இணைப்புக்குள் மாட்டினால் ஒரு பக்கத்து வளைவுகள் மட்டும் வெளியே நீட்டி, சீரான சிறு அரைவட்டங்களாக நிற்கும். விலை குறைந்த நாடா விலையுயர்ந்த வேலைபோலத் தெரிவது இந்த ஓர் உத்தியில்தான். பாம்பாம் லேஸும் அப்படியே உள்ளே போகிறது. அதன் நாடா விளிம்பில் இருக்க, பந்துகள் படத்தின் பக்கம் உள்நோக்கிக் கிடக்க வேண்டும். திருப்பியதும் அவை வெளியே வந்துவிடும். தைக்கும்போது ஒரு பந்து ஊசிக்கடியில் சிக்கினாலும் அந்த இடத்தைப் பிரித்துத்தான் ஆகவேண்டும். குண்டூசியை மட்டும் நம்பாமல் கையால் ஓட்டுப் போட்டுக்கொள்கிறவர்கள் பிரிப்பது குறைவு. நூல் தொங்கல்களில் ஒரு வகை, கீழ் நுனியில் ஒரு சங்கிலித் தையலோடு கட்டுண்டு விற்கப்படும். அது தைத்து முடியும்வரை இழைகளைக் கட்டிவைக்கத்தான் இருக்கிறது. வேலை முடிந்ததும் ஒரு முனையைப் பிடித்து உருவினால் அந்தச் சங்கிலி கழன்றுவிடும். தெரியாமல் முதலிலேயே உருவிவிட்டு முழித்தவர்கள் ஏராளம்.

மூலைக்கு வந்தால் கதை மாறுகிறது.

நேர்கோட்டில் எந்த ஓரமும் அடங்கும். சதுரத்தின் நான்கு மூலைகளில்தான் கைவரிசை தெரியும். 1 அங்குல அகல லேஸ் ஒன்றைச் சதுர உறையைச் சுற்றித் தட்டையாக வைப்பதாகக் கொள்வோம். அதன் உள் விளிம்பு மூலையில் சட்டென்று திரும்பிவிடுகிறது. வெளி விளிம்போ அதே மூலையைச் சுற்றிவர 2 அங்குலம் கூடுதலாகப் பயணிக்க வேண்டும். நான்கு மூலைக்கு 8 அங்குலம். இந்தக் கணக்கைக் கவனிக்காமல் சுற்றளவுக்கு மட்டும் லேஸ் வாங்கித் தைத்தால், மூலையில் லேஸ் கிண்ணம்போல் குவிந்து நிற்கும். எவ்வளவு இஸ்திரி போட்டாலும் படியாது. சுருக்கு வைத்த லேஸுக்குச் சுற்றளவைப் போல் ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை கணக்கிடுவது வழக்கம். 12 அங்குலச் சதுரத்துக்கு 48 அங்குலம் சுற்றளவு. இரட்டிப்பாக 96 அங்குலம், கிட்டத்தட்ட இரண்டரை மீட்டர். அதிலும் சுருக்கு எல்லா இடத்திலும் ஒன்றுபோல் விழக்கூடாது. மூலைக்கு முன்னும் பின்னும் கொஞ்சம் தாராளமாகத் தள்ளிவிட வேண்டும். பைப்பிங்குக்கு வேறு வைத்தியம்: மூலையை ஊசிமுனைபோல் கூராக்காமல் சற்றே உருட்டி, பட்டியின் உள்துணியில் மூன்று வெட்டு வெட்டி வளைத்தல். குஷன் மூலைகள் நாய்க்காதுபோல் நீட்டிக்கொண்டு நிற்பதைத் தடுக்க, மூலையை நெருங்கும்போதே தையல் கோட்டை அரை அங்குலம் உள்ளே சாய்ப்பதும் உண்டு. ஆனால் படத்தின் எல்லைக்கோடு சதுரமாக ஓடினால் இந்தச் சாய்வு அப்பட்டமாகத் தெரியும். அங்கே நாய்க்காதே மேல்.

ஓரத்தைத் தனித் தொழிலாகவே வளர்த்த நாடுகளின் பழைய துணிகளைப் பார்த்தால் இந்தக் கவலைகள் எதுவும் புதிதல்ல என்று தெரிகிறது. இங்கிலாந்தின் ஹார்ட்விக் மாளிகையில் 1601-ல் எடுத்த பொருள் பட்டியல், ஊசிவேலை செய்த நீண்ட குஷன்களைப் பதிவுசெய்யும்போது அவற்றின் தொங்கல்களையும் குஞ்சங்களையும் சேர்த்தே எழுதுகிறது. மரப்பலகை ஆசனங்களின் காலத்தில் குஷன் என்பது சொத்து. அதன் ஓரமும் சொத்துக் கணக்கில் வந்தது. அந்த மாளிகையின் எஜமானி பெஸ், 1569 முதல் தன் கணவரின் காவலில் இருந்த ஸ்காட்லாந்து ராணி மேரியோடு சேர்ந்து, கான்வாஸ் துணியில் பறவைகளும் மிருகங்களுமாகச் சிறு சிறு துண்டுகளைக் கிராஸ் ஸ்டிட்ச்சில் தைத்தார். அவற்றைப் பிற்பாடு பச்சை வெல்வெட்டின் மேல் பொருத்தித் திரைச்சீலைகளாக்கினார்கள். நார்ஃபோக்கின் ஆக்ஸ்பரோ மாளிகையில் இப்போதும் அவை இருக்கின்றன. முடித்த துண்டை வேறொரு துணியின் மேல் ஏற்றுவது என்ற இன்றைய உத்திக்கு இவ்வளவு அரச வம்சத்து முன்னோடி வேறில்லை.

அடுத்த நூற்றாண்டின் ஆங்கிலச் சுருக்குப் பைகள் இன்னும் நுணுக்கமானவை. உள்ளங்கையளவு பையில் பட்டும் வெள்ளி இழையுமாக வேலை, அதன் நாடாவும் ஓரமும் விரல்களில் நூல் வளையங்களை மாட்டி மாற்றி மாற்றிப் பின்னிய கயிறு, அடியில் குஞ்சங்கள். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இவற்றைக் காணலாம். அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம், 19-ம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பென்சில்வேனியாவின் பள்ளிச் சிறுமிகள் தைத்த மாதிரித் துணிகள் சிலவற்றில் நான்கு பக்கமும் மடிப்பு மடிப்பாகச் சுருக்கிய பட்டு ரிப்பன் ஓடுகிறது. மூலைக்கு மூலை ரிப்பன் பூ. மூலையில் குவியும் சுருக்கை என்ன செய்வது என்ற சிக்கலுக்கு அந்தப் பூ எவ்வளவு சாமர்த்தியமான விடை! மறைக்க முடியாததைப் பூவாக்கிவிட்டார்கள்.

ஜெர்மனியிலிருந்து வந்த பெர்லின் கம்பளி வேலை இந்தப் பொழுதுபோக்கை நடுத்தர வீடுகளுக்குக் கொண்டுபோனது. 1804-ல் பிலிப்சன் என்ற வணிகரும் 1810 முதல் விட்டிக் என்பவரும் பெர்லினில் கட்டத்தாளில் கையால் வண்ணம் தீட்டிய வடிவங்களை வெளியிட்டார்கள். 1830-களுக்குப் பிறகு இங்கிலாந்தில் அது காய்ச்சலாகப் பரவியது. ரோஜாக்களும் நாய்க்குட்டிகளும் கம்பளி நூலில் பூத்த அந்தக் குஷன்களுக்குத் தடித்த முறுக்குக் கயிறும் மூலைக் குஞ்சமும் கட்டாயம். கம்பளித் தையல் தடிமனானது. மெல்லிய ஓரம் அதற்குப் பக்கத்தில் எடுபடாது. இன்று பழைமை வாய்ந்த தோற்றத்துக்காக அந்தத் தடித்த கயிற்றை 14 கட்டப் பருத்தித் தையலுக்குச் சுற்றுகிறவர்கள், ஓரம் உள்ளடக்கத்தின் தடிப்பைப் பார்த்து வந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

ஓரப் பொருள்களின் வரலாற்றில் கண்ணீரும் உண்டு. இங்கிலாந்தின் காவன்ட்ரி பட்டு ரிப்பன் நெசவுக்குப் பேர்போன ஊர். 1860-ல் பிரான்சோடு செய்த வர்த்தக ஒப்பந்தம் பிரெஞ்சு ரிப்பன்கள் மீதிருந்த இறக்குமதி வரியை நீக்கியதும் செந்தெத்தியேன் நகரத்து ரிப்பன்கள் வந்து குவிந்தன. காவன்ட்ரியின் தறிகள் நின்றன. வேலையிழந்த ஊரில் தாமஸ் ஸ்டீவன்ஸ் என்ற நெசவாளர் ரிப்பன் தறியிலேயே படங்கள் நெய்ய வழி கண்டுபிடித்து, கீழ் முனையில் குஞ்சம் தொங்கும் புத்தகக்குறிகளை விற்றுப் பிழைத்தார். துளையிட்ட அட்டையில் கிராஸ் ஸ்டிட்ச் போட்டு அதைப் பட்டு ரிப்பனில் வைத்துத் தைத்த வீட்டுப் புத்தகக்குறிகளும் அதே காலத்தவை.

தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. நாகர்கோவிலில் 1820-களில் மிஷனரி மார்த்தா மால்ட் தொடங்கிய பள்ளியில், திண்டின் மேல் நூல்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் லேஸைப் பெண்கள் கற்றார்கள். அவருடைய மகள் எலைசா, ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது லேஸும் கூடவே போனது. இன்று கடையில் மீட்டர் கணக்கில் கிழித்துத் தரும் இயந்திர லேஸை அதோடு ஒப்பிட முடியாது. ஆந்திராவின் நரசாபுரத்துக் குரோஷா லேஸ் இப்போதும் கையால்தான் பின்னப்படுகிறது. அதைப் பின்னும் பெண்களைப் பற்றி மரியா மீஸ் எழுதி 1982-ல் வெளிவந்த ஆய்வு, அவர்கள் உலகச் சந்தைக்கு உழைத்தும் வெறும் இல்லத்தரசிகளாகவும் அவர்களின் வேலை ஓய்வுநேரப் பொழுதுபோக்காகவும் கணக்கிடப்பட்டதைக் காட்டியது. ஏற்றுமதியும் லாபமும் ஆண்களிடம். குஷன் ஓரத்துக்குக் கைப்பின்னல் லேஸ் வாங்குகிறவர் பேரம் பேசும்போது நினைத்துக்கொள்ள வேண்டிய சேதி இது.

தொங்கல் அலங்காரங்களுக்கு இனி வரலாம். இங்கே நியாயம் தலைகீழ். 3 அங்குலச் சதுரத்துக்குள் பைப்பிங்கை மாட்டி, திருப்பி, மூலையைக் குத்தி வெளியே எடுப்பதற்குள் மேட்டி துணி பாதி பிரிந்துவிடும். ஆகவே பலர் திருப்புவதே இல்லை. இரண்டு தடித்த அட்டைகளை வெட்டி, ஒன்றின் மேல் மெல்லிய பஞ்சுப்படலம் வைத்துப் படத்துணியால் போர்த்தி, பின்பக்கம் நூலால் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டுவார்கள். இன்னோர் அட்டைக்குப் பின் துணி. இரண்டையும் முதுகோடு முதுகு சேர்த்து, கண்ணுக்குத் தெரியாத மறைவுத் தையலால் சுற்றிலும் மூடினால் வேலை முடிந்தது. மிஞ்சுவது நடுவே ஓடும் ஒரு பள்ளம். முறுக்குக் கயிறு போய் உட்காருவதற்கென்றே அமைந்த இடம் அது.

அந்தக் கயிற்றைக் கடையில் வாங்க வேண்டியதில்லை. படத்தில் பயன்படுத்திய அதே நூலில் செய்துகொள்ளலாம், செய்வதே நல்லது. நிறம் அச்சாகப் பொருந்தும். தேவையான நீளத்தைப் போல் மூன்று மடங்கு நூல் எடுப்பது கைகண்ட கணக்கு. மடிப்பில் பாதி போய்விடும், முறுக்கு மேலும் தின்னும். 3 அங்குலச் சதுரத்தின் சுற்றளவு 12 அங்குலம், மாட்டும் வளையத்துக்கு 6, முனைகளுக்கு 4, ஆக 22 அங்குலக் கயிறு வேண்டும். அதற்கு 66 அங்குல நூல், ஏறத்தாழ 1.7 மீட்டர். ஆறு இழையும் பிரிக்காமல் இரண்டு நீளம் எடுத்தால் 3.4 மீட்டர். நம் வீடுகளுக்குப் பழக்கமான ஆங்கர் நூல்கண்டும் பிரெஞ்சு டிஎம்சி கண்டும் 8 மீட்டர் நீளம். ஒரு கண்டில் இரண்டு அலங்காரத்துக்குக் கயிறு தேறும். ஒரு முனையைக் கதவுக் கைப்பிடியில் கட்டி, மறுமுனையில் பென்சிலைச் செருகி, தளர்த்தினால் தானே சுருண்டுகொள்ளும் அளவுக்கு முறுக்க வேண்டும். பிறகு நடுவில் பிடித்து இரண்டாக மடித்துவிட்டால், இரண்டு பாதியும் எதிர்த்திசையில் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு 24 இழைக் கயிறாகிவிடும். முறுக்கு போதாத கயிறு பார்க்கும்போதே சோம்பலாகத் தெரியும். சந்தேகம் வந்தால் இன்னும் கொஞ்சம் முறுக்குவதே சரி.

கயிற்றைப் பள்ளத்தில் வைத்து ஒரே நிற ஒற்றை இழையால் தைக்கும்போது ஊசி கயிற்றின் மேலே ஏறி இறங்கக்கூடாது. முறுக்குக்கு நடுவே நுழைந்து, அதன் சாய்விலேயே மறைய வேண்டும். கயிற்றை இழுத்துப் பிடித்துத் தைத்தால் அட்டை வளையும். சும்மா கிடத்தி, கால் அங்குலத்துக்கு ஒரு தையல் போதும்.

முனைகளில்தான் எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள். கயிறு ஓரிடத்தில் தொடங்கி அதே இடத்துக்குத் திரும்புகிறது; அந்தச் சந்திப்பை எங்கே ஒளிப்பது? தொங்கும் பொருளென்றால் அடிப்பக்க நடு ஒரு வழி. இணைப்பில் சிறு இடைவெளி விட்டுவைத்து, இரண்டு முனைகளையும் அதற்குள் திணித்து மூடி, கீழே ஒரு குஞ்சத்தைத் தொங்கவிடுவது. மேல்பக்க நடு மற்றொன்று. முனைகள் அங்கேயே எழுந்து மாட்டும் வளையமாகிவிடும், முடிச்சை ஒரு ரிப்பன் முடி மறைக்கும். பட்டன், மணி, துணிப்பூ என்று ஒளிக்க வேறு வழிகளும் உண்டு. எதை வைத்தாலும் அது முன்கூட்டியே திட்டமிட்டதாக இருந்தால்தான் அழகு. குளறுபடியை மறைக்க ஒட்டிய பூ எங்கிருந்து பார்த்தாலும் ஒட்டிய பூவாகவே தெரியும். மூலையில் முனைகளைச் சந்திக்க விடுவது மட்டும் வேண்டாம். அங்கே ஏற்கெனவே துணி மடிப்புகளின் கூட்டம்.

ஓரப் பொருளே வைக்காமல் ஓரம் கட்டிய மரபுகளும் உண்டு. பிரெஞ்சு வழக்கமான பிஸ்கோர்னு என்ற எட்டு மூலை ஊசித்திண்டில் இரண்டு சதுரங்களை ஒன்றுக்கொன்று பாதி தள்ளி வைக்கிறார்கள். ஒவ்வொன்றையும் சுற்றி முதலிலேயே போட்டுவைத்த பின்தையல்களை மட்டும் கோத்துக்கோத்து இணைக்கிறார்கள். ஊசி துணியைத் தொடுவதே இல்லை. கடைசியில் நடுவில் பட்டன் வைத்து இழுத்துக் கட்டினால் சுற்றிலும் பின்னல் கயிறுபோல ஒரு கோடு கிடைக்கிறது. பாலஸ்தீனத்து கிராஸ் ஸ்டிட்ச் உடைகளில் துண்டுகளைச் சேர்க்கும் இணைப்பின் மேலேயே பல வண்ண நூலில் அடர்ந்த அலங்காரத் தையல் வரும். அங்கே மறைப்பதும் அலங்கரிப்பதும் ஒரே ஊசி. 2021-ல் யுனெஸ்கோ அந்த எம்பிராய்டரியைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பழைய உடைகளின் மார்புத் துண்டுகள் குஷன் உறைகளாக மறுபிறவி எடுப்பதும் அங்கே சகஜம். இவை எதற்கும் நேரமில்லாதவருக்கு எளிய வழி ஒன்றிருக்கிறது: படத்தைச் சுற்றி நெருக்கமாக ஒரு வரித் தையல் ஓட்டி, அதற்கு வெளியே உள்ள குறுக்கிழைகளை உருவிவிட்டால் துணியே தன் தொங்கலாகிவிடும். இத்தனை நேரம் எதிரியாக இருந்த பிசிறு இங்கே நண்பன்.

லம்பாடிப் பெண்களின் துணிகளில் கிராஸ் ஸ்டிட்ச் வகைத் தையலோடு சோழியும் குஞ்சமும் ஓரத்தில் வரும். தர்மபுரி மாவட்டத்து சிட்டிலிங்கியில் ‘போர்கை’ அமைப்பு வழியாக லம்பாடித் தையல் இன்று குஷன் உறைகளுக்கும் வந்திருக்கிறது. உடையின் ஓரத்தை அப்படியே குஷனுக்கு மாற்ற முடியாது என்பதை இந்த இடத்தில் சொல்லலாம். பாவாடை விளிம்பில் குலுங்கும் சோழி சாய்ந்து உட்காருகிறவரின் முதுகில் குத்தும்.

நிறத்தையும் அளவையும் பற்றி விதி சொல்கிறவர்கள் அதிகம், விளக்குகிறவர்கள் குறைவு. படத்தில் அதிகம் வரும் நிறத்தையே ஓரத்துக்கு எடுத்தால் படம் ஓரத்தோடு கரைந்துபோகும்; குறைவாக வரும் ஓர் அழுத்தமான நிறம், இலையின் கரும்பச்சை அல்லது கொடியின் பழுப்பு, படத்தைக் கட்டி நிறுத்தும். 3 அங்குல அலங்காரத்துக்கு 3 மில்லிமீட்டர் கயிறு போதும். அதைச் சுற்றிப் பாம்பாம் லேஸ் வைத்தால் பந்துகளைத்தான் பார்ப்பார்கள். ஜரிகைக் கயிறு கிறிஸ்துமஸ் விளக்கொளியில் ஜொலிக்கும்; ஆனால் படத்தில் ஜரிகை இழை ஒன்றுகூட இல்லையென்றால் அது வேறெங்கிருந்தோ கழன்று வந்ததுபோல இருக்கும்.

இனிப் பசை. சூட்டுப் பசைத் துப்பாக்கி வந்த பிறகு அட்டை அலங்காரங்களில் பாதி ஊசியைக் காணாமலே முடிகின்றன. துவைக்கப்படாத, ஆண்டுக்கு ஒரு மாதம் மட்டும் வெளியே வருகிற பொருளுக்கு அது பெரிய பாவமில்லை. ஆனால் அந்தப் பசை சூட்டில் உருகி வந்தது, சூட்டிலேயே இளகவும் செய்யும். மே மாத வெயிலில் பூட்டிய காருக்குள் கிடந்தால் கயிறு நழுவும். அது தடித்து எழுந்து துளைகள் வழியே முன்பக்கம் கசிவதும் உண்டு. அருங்காட்சியகத் துணிப் பாதுகாவலர்கள் பசையை வெறுப்பதற்குக் காரணம் வேறு: காலப்போக்கில் மஞ்சளிக்கும், விறைக்கும், துணியைக் கிழிக்காமல் எடுக்க முடியாது. குஷனுக்குப் பசை என்ற பேச்சே கூடாது.

துவைக்கும் பொருளுக்கு ஓரம் வாங்கும்போது அது எந்த நாரால் ஆனது என்று கேட்பது கடைக்காரரைத் தொந்தரவு செய்வதாகாது. பருத்தி லேஸ் சுருங்கும். முதலிலேயே நனைத்து உலர்த்தாவிட்டால் முதல் சலவையிலேயே குஷனின் விளிம்பு முழுவதும் கொசுவம் வைத்ததுபோல் இழுத்துக்கொள்ளும். பளபளக்கும் விஸ்கோஸ் கயிறு நனைந்தால் வலுவிழக்கும், வெட்டிய நொடியில் முறுக்கவிழும். வெட்டும் இடத்தில் முன்கூட்டியே நூல் சுற்றியோ செல்லோ டேப் ஒட்டியோ பிறகுதான் கத்தரி வைக்க வேண்டும். பாலியெஸ்டர் நாடாவின் முனையை மெழுகுவர்த்திச் சுடரில் காட்டினால் உருகி அடைத்துக்கொள்ளும். அதே வித்தையைப் பருத்தியிடம் காட்டினால் தீப்பிடிக்கும். சிவப்புக் கயிறு இருக்கிறதே, அது வெள்ளை மேட்டியின் ஜென்ம விரோதி. ஈரமான வெள்ளைத் துணித்துண்டை அதன் மேல் வைத்து இஸ்திரிப்பெட்டியால் அழுத்தினால் சாயம் விடுமா என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எப்படிப் பார்த்தாலும் ஓரத்தின் ஆயுள் தையலின் ஆயுளைவிடக் குறைவு. தேய்வை வாங்கிக்கொள்ளத்தான் அது அங்கே இருக்கிறது. பழைய குஷன்களைப் பரிசோதிக்கும்போது இப்போதைய கயிற்றுக்கடியில் வேறொரு தையலின் ஊசித்துளைகள் தென்பட்டால், முந்தைய ஓரம் ஒன்று கழற்றப்பட்டிருக்கிறது என்று நிபுணர்கள் ஊகிப்பது இதனால்தான். ஆகையால் கைத்தையலில் பழகியவர்கள் இரண்டு காரியங்களைப் பிரித்தே வைக்கிறார்கள்: குஷனை மூடும் தையல் ஒரு நூலில், அதன் மேல் கயிற்றைப் பிடித்துவைக்கும் தையல் வேறொரு நூலில். பத்து வருடம் கழித்துக் கயிறு நைந்துபோனால் இரண்டாவது நூலை மட்டும் வெட்டி உருவலாம். உறை திறந்துகொள்ளாது, பஞ்சு வெளியே வராது. படம் இருந்தபடி இருக்க, புதுக் கயிற்றைச் சுற்றிவிடலாம். பைப்பிங்குக்கு இந்தச் சலுகை கிடையாது. அதை மாற்ற உறையையே பிரித்தாக வேண்டும். எனவே அதற்குப் போடும் பட்டித் துணி முன் துணியைவிட உறுதியானதாக இருப்பது நல்லது. கடையில் கேட்டால் கேஸ்மென்ட் துணியில் அரை மீட்டர் தருவார்கள். ஒரு ஜோடிக் குஷனுக்குத் தாராளமாகப் போதும்.